நடுக்கடலில் மாதக்கணக்கில் பயணம்... சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள்? பாய்மரப் படகின் சமையலறையில் நடப்பது இதுதான்!

2018 செப்டம்பர் 21. தெற்கு இந்தியப் பெருங்கடல். தனி ஆளாக உலகைச் சுற்றி வரும் 'கோல்டன் குளோப்' போட்டியில் இருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரியா' படகைப் புயல் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகில் பலத்த அடி. படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

பல மாதப் பயணத்துக்காக ஏற்றிய உணவில் பெரும்பகுதி படகிலேயே இருந்தது. ஆனால் என்ன பயன்? எதுவும் கைக்கு எட்டவில்லை. எப்படியோ இழுத்து எடுக்க முடிந்தது ஐஸ் டீ கேன்களை மட்டும்தான். அதைக் குடித்தும் வாந்தி நிற்கவில்லை என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தி சொன்னது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் வந்து அவரை மீட்டது.

பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நமக்கு முதலில் தோன்றுவது, "சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போவாங்க?" என்ற கேள்விதான். கடலோடிகளுக்கு அது சின்னக் கேள்வி. கொண்டுபோனது கைக்கு எட்டுமா, அடுப்பில் நிற்குமா, சாப்பிட்டால் வயிற்றில் தங்குமா என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை.

இரண்டே பேர், எட்டு மாதம்!

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 'ஐ.என்.எஸ்.வி. தாரிணி' படகில் உலகைச் சுற்றி வந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் கிளம்பியவர்கள், 2025 மே 29-ஆம் தேதி அதே கோவாவில் கரை சேர்ந்தார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல் பயணம். வழியில் நின்றது நான்கே இடங்கள்: ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்.

தாரிணியின் நீளம் சுமார் 17 மீட்டர். ஒரு டவுன் பஸ்ஸை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதற்குள்தான் படுக்கை, கருவிகள், உதிரிப் பாய்கள், கயிறுகள், சமையல் மூலை, உணவு, தண்ணீர் எல்லாமே.

ஒவ்வொரு துறைமுகத்திலும் மறுபடி பொருள் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கடைகண்ணி கிடையாது. லிட்டில்டனில் இருந்து போர்ட் ஸ்டான்லி போக அவர்களுக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வழியில்தான் 'பாயின்ட் நீமோ' வருகிறது. உலகத்திலேயே கரையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கடல் புள்ளி அது. எந்தத் திசையில் போனாலும் முதல் நிலம் 2,688 கிலோமீட்டருக்கு அப்பால். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது, அதில் இருப்பவர்கள்தான் அங்கே மிக அருகில் இருக்கும் மனிதர்கள். அவர்கள் 400 கிலோமீட்டர் உயரத்தில்தானே இருக்கிறார்கள்!

இப்படிப்பட்ட இடத்தில் உப்பு தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்க முடியாது. சரி, உப்புக்குக் கடலில் பஞ்சமில்லை. மற்றதுக்கு?

முதல் கணக்கு, தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 45 நாளைக்கு 270 லிட்டர். அதாவது 270 கிலோ எடை. காற்று நின்றுபோய் பயணம் நீண்டால் என்ன செய்வது என்று இன்னும் பாதி சேர்த்தால் 400 கிலோ. குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் இதில் வராது. படகில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வேகத்தைக் குறைக்கும் என்பதால், இவ்வளவையும் தொட்டியில் நிரப்பிச் செல்வது யாருக்கும் பிடித்த விஷயம் இல்லை.

அதனால் இன்றைக்கு நெடும்பயணப் படகுகள் பலவற்றில் கடல் நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருக்கிறது. நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷினின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். வீட்டு போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ். 2,000 என்று காட்டினாலே அலறுகிறோம். கடல் நீரில் அது சுமார் 35,000! அந்த உப்பைப் பிரிக்க மிக அதிக அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ள வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு சோலார் பேனல், காற்றாடி, இல்லாவிட்டால் டீசல் இயந்திரம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் குடிதண்ணீர் நின்றுவிடும். மெஷினை மட்டும் நம்பி யாரும் கிளம்ப மாட்டார்கள். தொட்டிகள் தனித்தனியாக இருக்கும், கேன்களில் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள்.

தொட்டியைப் பிரித்து வைப்பது ஏன் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. எங்கேயும் நிற்காமல், தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் இங்கிலாந்தின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14-ல் கிளம்பி 1969 ஏப்ரல் 22-ல் திரும்பினார். அவர் ஓட்டிய 'சுஹைலி' நம்ம பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட படகு. தெற்குப் பெருங்கடலுக்குள் நுழைந்த கொஞ்ச நாளிலேயே அலை அடித்துப் படகு சாய்ந்ததில், தொட்டித் தண்ணீர் கெட்டுப்போனது. மீதிப் பயணத்துக்கு அவர் பெரிதும் நம்பியது மழையைத்தான்.

மழைத் தண்ணீர் பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாயின் அடிப்பக்க மடிப்பில் வழியும் நீரை வாளியில் பிடிப்பார்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. பாயில் காய்ந்து ஒட்டியிருக்கும் உப்பு எல்லாம் அதில்தான் கரைந்து வரும். 1968-ல் இருந்த தொழில்நுட்பத்தோடுதான் ஓட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் இன்றைய கோல்டன் குளோப் போட்டியிலும் இதே முறைதான்.

சுற்றிலும் இருக்கும் கடல் நீரைக் கொஞ்சம் குடித்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நம் சிறுநீரகத்தால் கடல் நீரை விட உப்பான சிறுநீரை உருவாக்க முடியாது. குடித்த உப்பை வெளியே தள்ள, குடித்ததை விட அதிகத் தண்ணீர் உடம்பிலிருந்து போகும். தாகம் தீராது, கூடும். ஆனால் சமையலில் கடல் நீருக்கு இடம் உண்டு. சோறு வடிக்கும்போது முக்கால் பங்கு நல்ல தண்ணீர், கால் பங்கு கடல் நீர் ஊற்றுவது படகுகளில் பழைய பழக்கம். தண்ணீரும் மிச்சம், உப்பும் போட வேண்டியதில்லை. பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் கடல் நீரில்தான்.

அடுப்பு ஆடும்... பாத்திரம் ஆடாது!

பாய்மரப் படகு காற்றில் ஓடும்போது நிமிர்ந்து ஓடாது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓடும். 20 டிகிரி சாய்வு என்பது சாதாரணம். அதே பக்கமாக நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் சாய்ந்தே ஓடும். இதோடு அலை வேறு தூக்கித் தூக்கிப் போடும். இதில் எப்படிச் சமைக்கிறது?

யூடியூபர்கள் கையில் பிடித்திருக்கும் ஜிம்பலைப் பார்த்திருப்பீர்கள். கை ஆடினாலும் கேமரா ஆடாது. படகு அடுப்பும் அதே தத்துவம்தான். இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு தொட்டில் மாதிரி ஆடி, தன்னைச் சமமாக வைத்துக்கொள்ளும். பாத்திரம் நகராமல் இருக்க பர்னரைச் சுற்றிக் கம்பிப் பிடிகள் உண்டு.

அடுப்பு சமமாகிவிடும். சமைப்பவர்? அவருக்கு இடுப்பில் ஒரு பெல்ட். அதன் இரண்டு முனையும் சமையல் மேடையில் மாட்டியிருக்கும். அதில் சாய்ந்து நின்றால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கடல் மோசமாக இருக்கும்போது மழைக்கோட்டு பேன்ட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சமைக்கச் சொல்வார்கள். வெளியே மழை என்பதால் இல்லை. கொதிக்கிற குழம்பு மேலே கவிழ்ந்தால் தோல் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. கரையில் பர்னால் போட்டுச் சமாளிக்கிற கொப்புளம், ஆஸ்பத்திரிக்கு மூன்று வாரத் தொலைவில் இருக்கும்போது பெரிய ஆபத்து. உப்புத் தண்ணீரிலும் ஈரத்திலும் அந்தப் புண் லேசில் ஆறாது.

பிரஷர் குக்கர் இங்கே ராஜா. வெள்ளைக்காரக் கடலோடிகளும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றால் நமக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். காரணம் எளிது. மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொட்டாது. கேஸும் தண்ணீரும் குறைவாகவே செலவாகும். விசில் போடாமல், மூடி பூட்டிய பாத்திரமாக மட்டும் அதைப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

பொங்கல், கிச்சடி, உப்புமா மாதிரி ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையல் படகுக்கு அப்படியே பொருந்தும். இட்லிதான் கஷ்டம். மாவு புளிக்கக் கதகதப்பு வேண்டும், பொங்குகிற பாத்திரம் ஆடாமல் இருக்க வேண்டும். தெற்குப் பெருங்கடலின் குளிரில் இரண்டும் நடக்காது.

தட்டு கிடையாது. ஆழமான கிண்ணம், ஒரு ஸ்பூன். கிண்ணத்திலும் பாதிதான் ஊற்றுவார்கள். மேஜையில் வைத்துச் சாப்பிடுவதெல்லாம் காற்று அடங்கிய நாளில் மட்டும். மற்ற நாளில் எங்காவது முதுகைச் சாய்த்து முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, மடியிலேயே வைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

கேஸ் பற்றிய பயம் வீட்டை விடப் படகில் பல மடங்கு. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், வெளியே போய்விடும். படகு என்பது ஒரு கிண்ணம். கசிந்த வாயு கீழே இறங்கி அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டரை உள்ளே வைக்க மாட்டார்கள். கசிந்தால் நேரே கடலுக்கு மேல் வெளியேறுகிற மாதிரி ஓட்டை வைத்த தனிப் பெட்டியில்தான் இருக்கும். ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வை மூடியாக வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் நாட்டுக்கு நாடு இணைப்பு வாய் மாறுவதால் நிரப்புவதும் தொல்லை. தண்ணீரைக் காய்ச்சினால் ஒரே தடவை காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, அடுத்த எட்டு மணி நேர டீயை அதிலேயே முடிப்பது இதனால்தான்.

அட்டைப்பெட்டி ஏறக் கூடாது, லேபிளும் கூடாது

பொருள் வாங்குவதை விட அதைப் பிரித்து அடுக்குவதுதான் பெரிய வேலை. கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் போகாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருந்தால் மாதக்கணக்கில் கூடவே பயணிக்கும். ஈரத்தில் அட்டை ஊறியும் போகும்.

டின் உணவுகளின் காகித லேபிளையும் கிழித்துவிடுவார்கள். படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் லேபிள் ஊறிப் பிரிந்து, தண்ணீரை வெளியேற்றும் பம்பை அடைத்துக்கொள்ளும். படகில் தண்ணீர் ஏறும் நேரத்தில் ஒரு கொண்டைக்கடலை லேபிள் பம்பை அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் டின் மேலேயே அழியாத மார்க்கரில் எழுதிவிடுவார்கள். எழுதாமல் விட்டால் இரவுச் சாப்பாடு ஒரு லாட்டரி. பருப்பு என்று திறந்தால் அன்னாசிப்பழம் வரும்.

காய்கறியில் நம்பகமானது முட்டைக்கோஸ். வெட்டாமல், வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் வாரக்கணக்கில் தாங்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, முழுப் பூசணி, இஞ்சி, பூண்டு, எலுமிச்சை எல்லாம் வலைப்பையில் காற்றாடத் தொங்கும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே பையில் போட மாட்டார்கள், உருளை சீக்கிரம் முளைத்துவிடும் என்று. வாழைத்தார் கட்டினால் அத்தனையும் இரண்டே நாளில் சேர்ந்து பழுக்கும். அந்த வாரம் மூன்று வேளையும் வாழைப்பழம்தான்.

முட்டைக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. ஃப்ரிட்ஜில் வைக்காத, கழுவாத முட்டையாகத் தேடி வாங்குவார்கள். ஓட்டின் நுண்துளை அடைபடும்படி வாஸ்லின் தடவியோ, சில நாளுக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தோ பல வாரம் வைத்திருக்க முடியும். சந்தேகம் வந்தால் நம்ம பாட்டி சோதனைதான். தண்ணீரில் போட்டு மிதந்தால் கடலுக்கு.

இதுபோக, பாக்கெட் உணவு. மைசூருவில் இருக்கும் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் நம் படைகளுக்காக உருவாக்கிய வகையில், சமைத்து, சீல் வைத்து, சூட்டில் கிருமி நீக்கிய பாக்கெட்டுகள். ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. இதில் ஒரு வசதி, பாக்கெட்டைக் கொதிக்கும் கடல் நீரில் போட்டே சூடாக்கலாம். நல்ல தண்ணீர் ஒரு சொட்டு செலவில்லை.

பந்தயப் படகுகளில் கதை வேறு. எடை குறைய வேண்டும் என்பதால் உறையவைத்து உலர்த்திய உணவுதான். சமைத்த உணவை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கி ஈரத்தை எடுத்துவிடுவார்கள். பஞ்சு மாதிரி லேசாகிவிடும். சுடுதண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் சாப்பாடு. வாரக்கணக்கில் இதையே தின்பவர்கள் ருசியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஒரு நாளைக்கு 5,000 கலோரி வரை தேவைப்படும் உழைப்பில், அலுத்துப்போய் பாதியிலேயே கிண்ணத்தை வைத்துவிடுவதால் பலர் மெலிந்து திரும்புகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் மெஷின் நின்றால் இந்த உணவும் பயன்படாது. டின் உணவில் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கனமாக இருந்தாலும் பழைய ஆட்கள் டின்னை விடாததற்கு அது ஒரு காரணம்.

எலுமிச்சைக்கு இருக்கும் மரியாதை

வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்த கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திரும்பிப் போன கதையை யாரும் சொல்லித் தருவதில்லை. 1498 அக்டோபரில் கார்வார் அருகே உள்ள அஞ்சதீவிலிருந்து கிளம்பிய அவருடைய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தது 1499 ஜனவரியில். வரும்போது பருவக்காற்றின் துணையோடு ஒரு மாதத்துக்குள் கடந்த அதே அரபிக்கடல், எதிர்க்காற்றில் மூன்று மாதம் இழுத்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, உடம்பு கறுத்து சுமார் 30 பேர் செத்துப்போனார்கள். ஸ்கர்வி. காரணம், வைட்டமின் சி இல்லை.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் மளமளவென்று தேறினார்கள். அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்க 1795 வரை எடுத்துக்கொண்டது!

இன்றைக்கு வைட்டமின் மாத்திரை இருப்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் புதுக் காய்கறி தீர்ந்த நான்காவது, ஐந்தாவது வாரத்தில் பச்சையாக எதையாவது கடித்துத் தின்ன மனம் ஏங்கும். அதற்குத்தான் பயறு முளைகட்டுவது. ஒரு ஈரத்துணி, ஒரு கைப்பிடி பாசிப்பயறு, இரண்டு மூன்று நாள். நடுக்கடலில் கிடைக்கும் ஒரே புதுக் காய் அதுதான்.

முதல் மூன்று நாள், வாளிதான் துணை

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கிளம்பிய முதல் இரண்டு மூன்று நாள் பலருக்குக் குமட்டல் இருக்கும். அந்த நேரத்தில் படகுக்குள் இறங்கி, அடுப்பு முன்னால் நின்று வெங்காயம் வதக்குவது நடக்கிற காரியமா? அதனால் முதல் சில நாள் சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து எடுத்துப் போவார்கள். மசாலா, எண்ணெய் குறைவாக. கூடவே காய்ந்த பிஸ்கட், இஞ்சி மிட்டாய், ஆப்பிள்.

இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. குமட்டுகிறது என்று சாப்பிடாமல் இருந்தால் உடம்பு சோரும், தண்ணீர்ச் சத்து குறையும், குளிர் ஏறும். குளிரில் மூளை மந்தமாகும். மந்தமான மூளையோடு இரவு 2 மணிக்கு மேல்தளத்தில் கயிறு மாற்றப் போகிறவர், தன் பாதுகாப்புப் பட்டையை மாட்ட மறப்பார். அதனால்தான் பெரிய குழு இருக்கும் படகுகளில் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று தலைவர் கவனித்துக்கொண்டே இருப்பார். "எனக்கு வேண்டாம், அப்புறம் சாப்பிடுறேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

சேர்ந்து சாப்பிட நேரம் கிடைக்குமா?

படகு 24 மணி நேரமும் ஓடும். யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு என்பது பல படகுகளில் இருக்கும் முறை. இரண்டே பேர் இருக்கும் படகில் ஒருவர் எழும்போது இன்னொருவர் படுக்கப் போவார். ஷிப்ட் மாறும் அந்த அரை மணி நேரம்தான் இருவரும் முகம் பார்த்துப் பேசும் நேரம், சாப்பாட்டு நேரமும் அதுவேதான்.

இரவு ஷிப்டுக்குத் தனியாக ஒரு நொறுக்குத்தீனி டப்பா இருக்கும். வேர்க்கடலை, பேரீச்சை, சாக்லேட், முறுக்கு. விடிவதற்கு முன் மூன்று மணி, நான்கு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும்போது பசியை விட விழிப்புக்காகத்தான் வாய் அசையும். இந்த டப்பாவை ஒருவரே காலி செய்துவிட்டால் வருகிற சண்டை, புயலை விட மோசம் என்று கடலோடிகள் கிண்டலாகச் சொல்வார்கள். முழுக்கக் கிண்டலும் இல்லை.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தொடங்கிய 'கிளிப்பர்' போட்டியில் படகுக்கு 20 பேர் அளவில் இருப்பார்கள். பெரும்பாலும் ஆசிரியர், கணக்காளர், நர்ஸ் என்று சாதாரண வேலையில் இருப்பவர்கள். அங்கே சமையல் முறைவைத்து வரும். ஒரு நாளைக்கு இரண்டு பேர், மூன்று வேளையும் எல்லோருக்கும் சமைத்து, பாத்திரம் கழுவ வேண்டும். அந்த முறைக்குப் பெயரே 'மதர் வாட்ச்', அதாவது அம்மா ஷிப்ட்! பதிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது, அன்று இரவு யாரும் எழுப்பாத முழுத் தூக்கம்.

தனி ஆளாகப் போகிறவர்களுக்குச் சாப்பாடுதான் காலண்டர். கிளம்பும் முன்பே ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பை என்று கட்டி வைத்துவிடுவார்கள். அதில் அந்த வாரத்துக்கான உணவோடு, வீட்டில் இருப்பவர்கள் ரகசியமாக வைத்த இனிப்போ கடிதமோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தது என்று தெரிவது பையைத் திறக்கும்போதுதான். பயணம் நினைத்ததை விடத் தாமதமானால் பைகள் குறைந்துகொண்டே வரும். அப்போது மூன்று நாள் பையை நான்கு நாளைக்கு இழுக்க வேண்டும்.

மீன் பிடித்துச் சாப்பிடலாமே?

சாப்பிடலாம். வெப்பமண்டலக் கடலில் பின்னால் தூண்டில் கயிறு விட்டுக்கொண்டே போவார்கள், சூரை மாதிரி மீன்கள் மாட்டும். இரவில் துள்ளும் கோலா மீன்கள் தாமாகவே மேல்தளத்தில் வந்து விழுந்து, காலையில் பொறியலுக்குத் தயாராகக் கிடப்பதும் உண்டு.

ஆனால் இதை நம்பி யாரும் பட்டியல் போடுவதில்லை. பந்தய வேகத்தில் தூண்டில் போட முடியாது. தெற்குப் பெருங்கடலின் அலையில் மீனைத் தூக்கி, அறுத்து, கழுவிச் சமைக்கிற நிலைமையும் இருக்காது. இரண்டே பேர் இருக்கும் படகில் பத்து கிலோ மீன் மாட்டினால், ஃப்ரிட்ஜ் இல்லாமல் அதை என்ன செய்வது?

படகை விட்டே வெளியேற வேண்டி வந்தால்?

இதற்குத் தனியாக ஒரு பை எப்போதும் தயாராக இருக்கும். 'கிராப் பேக்' என்பார்கள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு உயிர்காக்கும் மிதவையில் குதிக்கும் பை. அதில் தண்ணீர்ப் பாக்கெட், கையால் இயக்கும் சிறிய குடிநீர்க் கருவி, தூண்டில், அவசர பிஸ்கட் எல்லாம் இருக்கும். அந்த பிஸ்கட்டில் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். புரதத்தைச் செரித்துக் கழிவை வெளியேற்ற உடம்புக்கு அதிகத் தண்ணீர் தேவை. மிதவையில் தண்ணீர் இல்லாதபோது சாப்பிடாமல் இருப்பதே நல்லது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள்.

1973-ல் பசிபிக் கடலில் மாரிஸ், மாரலின் பெய்லி என்ற பிரிட்டிஷ் தம்பதியின் படகைத் திமிங்கலம் மோதி உடைத்தது. படகு உடனே மூழ்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டிய டின்களையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மிதவைக்கு மாறினார்கள். அவை தீர்ந்த பிறகு சேஃப்டி பின்னை வளைத்துத் தூண்டில் முள் செய்து மீன் பிடித்தார்கள். மழைநீரைக் குடித்தார்கள். ஆமைகளையும் பச்சையாகத் தின்றார்கள். கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து ஒரு கொரியக் கப்பல் அவர்களைப் பார்த்தது.

டோமிக்கு 2018-ல் நடந்ததும் இதன் இன்னொரு பக்கம்தான். மிதவைக்கோ அவசரப் பைக்கோ நகர்ந்து போகிற நிலையில்கூட அவர் இல்லை. தனியாகப் போகிறவர்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கட்டி வைத்துக்கொள்வது வெறும் சோம்பேறித்தனம் இல்லை என்று இதிலிருந்து புரியும். அதே டோமி 2022-ல் மறுபடி அதே போட்டியில் இறங்கி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.

கரை தெரிந்ததும் காலி செய்!

ஆறு வாரம் பொத்திப் பொத்திச் செலவழித்த காய்கறியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கரை சேர்ந்ததும் சமைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வெளிநாட்டுப் பூச்சி, நோய் தங்கள் விவசாயத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் மிகக் கறார். படகு துறைமுகத்தில் கட்டிய உடனே அதிகாரிகள் ஏறுவார்கள். பழம், காய்கறி, இறைச்சி, தேன், முளைக்கக்கூடிய விதை எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் போய்விடும். திரும்பக் கிடைக்காது.

குப்பையும் கணக்கில் வரும். சர்வதேச விதிப்படி கடலில் பிளாஸ்டிக் எதையும் போடக் கூடாது. பயணம் முழுக்கத் தின்ற பாக்கெட்டுகளின் கவர் அத்தனையும் கழுவி, மடித்து, கட்டி, படகிலேயேதான் வந்திருக்கும்.

அதனால் துறைமுகத்துக்கு மூன்று நான்கு நாள் இருக்கும்போதே சமையல் மாறிவிடும். தினம் அரை வெங்காயம் என்று அளந்தவர்கள் நான்கைந்து வெங்காயத்தை ஒரே குழம்பில் போடுவார்கள். கடைசி முட்டைக்கோஸ், கடைசி முட்டை, தேன் பாட்டிலின் அடிப்பாகம் என்று எல்லாம் வெளியே வரும். பயணத்திலேயே வயிறு நிறையச் சாப்பிடும் நாள்கள் இவைதான்.